பேங்க்.இன் வந்தது நல்லது, மீதி வேலையை வங்கிகள் முடிக்க வேண்டும்

2025 பிப்ரவரி 7ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா தன் முதல் நிதிக்கொள்கை அறிக்கையை வாசித்தபோது எல்லா டிவியிலும் ஒரே பேச்சுதான். ரெப்போ வட்டி கால் சதவீதம் குறைந்து 6.25 ஆகிவிட்டது, வீட்டுக் கடன் தவணை குறையுமா, குறைந்தால் எவ்வளவு குறையும் என்று இரவு வரை ஓடியது. அன்றைய அறிவிப்புகளிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது, அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. இந்திய வங்கிகளுக்கு மட்டுமென்று ‘பேங்க்.இன்’ என்ற டொமைன் (இணைய முகவரிப் பெயர்), வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு அதற்கடுத்து ‘ஃபின்.இன்’. ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது, அக்டோபர் 31க்குள் எல்லா வங்கியும் புது முகவரிக்கு மாறிவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். இப்போது நீங்கள் ஸ்டேட் வங்கியின் தளத்துக்குப் போனால் எஸ்பிஐ.பேங்க்.இன் என்றுதான் இருக்கும். ஹெச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ எல்லாம் அதே மாதிரி மாறிவிட்டன.

முகவரியை மாற்றினால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கோ, நம் நாட்டில் சாதாரண மக்களின் பணத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவுகளிலேயே உருப்படியான ஒன்று இது என்று படுகிறது. இத்தனை வருடமும் எது அசல் தளம், எது போலி என்று கண்டுபிடிக்கும் வேலையை வாடிக்கையாளர் தலையில்தான் கட்டி வைத்திருந்தோம். ‘லிங்கை நன்றாகப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்’ என்று வங்கி எஸ்எம்எஸ் அனுப்பும், போலீஸ் மீம் போடும், பேப்பரில் கட்டுரை வரும். ஆனால் அந்தப் போலிப் பெயரை விற்ற இடத்தில், வாங்க வந்தவனிடம் ‘நீ யார், நீ வங்கியா’ என்று ஒருவரும் கேட்டதில்லை.

டொமைன் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டாட் காம் வேண்டுமா, பெயரைத் தட்டச்சு செய்து, வேறு யாரும் எடுக்கவில்லை என்றால் சில நூறு ரூபாய் கட்டி அந்த நிமிடமே வாங்கிவிடலாம். அந்தப் பெயருக்குள் ஒரு வங்கியின் பெயர் இருந்தாலும் சரி, ‘கேஒய்சி’ ‘ரிவார்ட்’ ‘அப்டேட்’ என்று என்ன சேர்ந்திருந்தாலும் சரி, யாரும் தடுக்க மாட்டார்கள். வங்கி பார்த்து, புகார் கொடுத்து, அதை முடக்க வைப்பதற்குள் ஆள் வேலையை முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவான். ஒரு பெயரை முடக்கினால் அடுத்தது தயாராக இருக்கும், அது தீராத ஓட்டம்.

எங்கள் அத்தை ஓய்வு பெற்ற ஆசிரியை, கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், பென்ஷன் வரவை நோட்டில் எழுதி வைப்பவர். அவருக்கு ஒருநாள் எஸ்எம்எஸ் வந்தது: பான் எண்ணைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், கீழே லிங்க். வங்கியின் பெயர், ஒரு சிறு கோடு, கேஒய்சி, இன்னொரு சிறு கோடு, அப்டேட், டாட் காம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் போனை நீட்டி, “நம்ம பேங்க் பேருதானேடா போட்டிருக்கு, பூட்டு கூட இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம் உனக்கு” என்றார். பக்கத்தைப் பார்த்தேன், லோகோ, நிறம், கீழே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை வாசகம் உட்பட அப்படியே அசல் மாதிரி. அத்தை சொன்ன இரண்டு காரணத்திலும் தப்பே கிடையாது. பெயர் இருந்தது, பூட்டும் இருந்தது. நாம்தான் இத்தனை காலமும் அவரிடம் ‘பூட்டு இருக்கிறதா பார்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பூட்டுக்கு என்ன அர்த்தம்? உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பூட்டு வருவதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரி அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன, அது இணையத்துக்கு மிக நல்ல விஷயமும்கூட. ஆனால் திருடனுக்கும் அதே பூட்டு இலவசம். உங்கள் பாஸ்வேர்டு பத்திரமாகத் திருடனிடம் போய்ச் சேரும்.

சரி, பேங்க்.இன் இதில் எதை மாற்றுகிறது? அதற்கு ஒரு டொமைன் பெயரை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், கண்ணில் முதலில் படுவது வங்கியின் பெயர், நம்பிவிடுகிறோம். ஆனால் உரிமை வலமிருந்து இடமாகத்தான் போகிறது. தபால் பிரிப்பவர் உறையின் கடைசி வரியில் இருக்கும் ஊரையும் பின்கோடையும் பார்த்துவிட்டுத்தான் மேலே தெரு, வீட்டு எண் என்று போவார், அதே மாதிரி. வலது கோடியில் இருக்கும் ‘இன்’ இந்தியாவுக்கானது, அதை நடத்துவது நிக்ஸி என்ற அமைப்பு. அதற்கு இடது பக்கம் இருக்கும் ‘பேங்க்’ என்ற பகுதியை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி கையில் கொடுத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியே 1996ல் தொடங்கிய வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அது. அதற்கும் இடது பக்கம் யார் பெயர் வரலாம் என்பதை ஐடிஆர்பிடி மட்டும்தான் முடிவு செய்யும், வேறு எந்த டொமைன் கடையிலும் காசு கொடுத்து அதை வாங்க முடியாது. வங்கி உரிமம் உள்ள நிறுவனம் போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆக அத்தையிடம் இப்போது ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். எழுத்துப் பிழை இருக்கிறதா, சிறு கோடு இருக்கிறதா, லோகோ மங்கலாக இருக்கிறதா என்று பத்து விஷயம் பார்க்க வேண்டாம். ‘முகவரி பேங்க்.இன் என்று முடிகிறதா, பேங்க்குக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கிறதா, முடிந்த உடனே சாய்கோடு வருகிறதா அல்லது ஒன்றுமே இல்லையா, அவ்வளவுதான் பாருங்கள்.’

‘முடிகிறதா’ என்பதுதான் முக்கியம். நடுவில் இருந்தால் போதாது. எஸ்பிஐ.பேங்க்.இன் என்று ஆரம்பித்து, அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து, கேஒய்சி-செக்.காம் என்று நீட்டினால் அது எஸ்பிஐயே கிடையாது, கேஒய்சி-செக் என்ற பெயரை வாங்கியவனுடைய தளம். தன் பெயருக்கு இடது பக்கம் அவன் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். போனில் பிரவுசரின் முகவரிப் பட்டை சின்னது, நீளமான முகவரி முழுதாகத் தெரியாது, அதனால் ஒரு தடவை அதைத் தொட்டு கடைசி வரை தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். அதே மாதிரி புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு ‘பேங்க்-இன்’ என்று எழுதி டாட் காமில் முடிப்பதும் நடக்கும். இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு தொழிலுக்கென்று டொமைனை ஒதுக்கி வைக்கிற யோசனை பழசு. நம் நாட்டிலேயே அரசுக்கு கவ்.இன், கல்லூரிகளுக்கு ஏசி.இன் என்று வெகு நாளாக இருக்கிறது, கண்டவர் போய் வாங்க முடியாது. உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2000 நவம்பரில் ஏழு புது டொமைன்களைத் தேர்ந்தெடுத்தது, அதில் டாட் ஏரோ விமானத் துறைக்கு, டாட் கூப் கூட்டுறவு அமைப்புகளுக்கு, டாட் மியூசியம் அருங்காட்சியகங்களுக்கு, டாட் ப்ரோ என்பது உரிமம் பெற்ற வக்கீல், டாக்டர், கணக்காளர் போன்றவர்களுக்கு. இதில் டாட் ஏரோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை நடத்துவது சீட்டா, விமான நிறுவனங்கள் சேர்ந்து 1949ல் தகவல் தொடர்புக்காக ஆரம்பித்த அமைப்பு. விமானத் துறையில் இருப்பதை நிரூபித்த பிறகுதான் பெயர் கொடுப்பார்கள். அதிலும் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை அந்தந்த நிலையத்துக்கே என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு எம்ஏஏ, அந்தப் பெயரை டாட் ஏரோவில் வேறொருவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. துறையை உள்ளே இருந்து அறிந்தவர்கள் கையில் கொடுத்தால் இந்த அளவு யோசித்துச் செய்வார்கள்.

டாட் ப்ரோ கதை வேறு. வக்கீலுக்கும் டாக்டருக்கும் என்று சான்றிதழ் பார்த்துக் கொடுத்த பெயரைப் பின்னாளில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், இன்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பயணத் துறைக்கென்று வந்த டாட் டிராவலும் அதே வழியில் போனது. வேலி போட்ட டொமைனில் வாங்குபவர் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொருவரையும் சரிபார்க்கச் செலவு வேறு, நடத்துகிற நிறுவனத்துக்கு லாபம் வேண்டும் என்றால் வேலியைத் தளர்த்தத்தான் தோன்றும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்கின.

2012ல் ஐகேன், புது டொமைன்களை நடத்த விண்ணப்பிக்கலாம் என்று பெரிய கதவைத் திறந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணம், அப்படியும் 1930 விண்ணப்பங்கள் குவிந்தன. அதில் வந்ததுதான் டாட் பேங்க். அமெரிக்க வங்கிகள் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து எஃப்டிஎல்டி என்ற நிறுவனத்தை உருவாக்கி வாங்கினார்கள், 2015ல் பதிவு ஆரம்பித்தது. வங்கியா என்று சரிபார்ப்பதோடு நிற்காமல், தளம் முழுக்க அந்தப் பூட்டு, அதாவது மறையாக்கம் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் போகாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று தொழில்நுட்ப நிபந்தனையும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேர்வது வங்கியின் விருப்பம், சாதாரண முகவரியைவிட விலையும் பல மடங்கு, அதனால் அமெரிக்காவிலேயே நிறைய வங்கிகள் இன்றும் டாட் காமில் இருக்கின்றன. சில வங்கி இப்படி, சில வங்கி அப்படி என்றால் வாடிக்கையாளருக்கு அந்தக் கடைசி எழுத்துகள் எதையும் சொல்லாது.

அதே 2012 சுற்றில் வந்த இன்னொரு ஜோடியைப் பாருங்கள். டாட் லா என்ற டொமைன் வேண்டுமானால் நீங்கள் தகுதி பெற்ற வக்கீல் என்று காட்ட வேண்டும். டாட் லாயர் வேண்டுமானால் காசு இருந்தால் போதும். பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? டாட் லோன், டாட் கிரெடிட், டாட் ஃபைனான்ஸ் எல்லாம் திறந்த கடைதான். பணம் சம்பந்தப்பட்ட பெயரை இப்படிச் சந்தையில் போட்டது எனக்கு இன்றும் ஏற்றுக்கொள்ள முடியாத முடிவு. வங்கி, மருத்துவம், மருந்து மாதிரி துறைகளின் பெயருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று ஐகேனில் உள்ள அரசுகளின் ஆலோசனைக் குழு 2013லேயே பெய்ஜிங் கூட்டத்தில் கேட்டது. கேட்ட அளவுக்கு நடக்கவில்லை.

ஸ்டேட் வங்கி ஒரு தனி வழியில் போய்ப் பார்த்தது. டாட் எஸ்பிஐ என்று தனக்கே தனக்கென ஒரு டொமைனை வாங்கி, பேங்க்.எஸ்பிஐ என்றும், நெட்பேங்கிங்குக்கு ஆன்லைன்எஸ்பிஐ.எஸ்பிஐ என்றும் வைத்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் அது பிரமாதம், அந்த டொமைனுக்குள் வேறு யாரும் நுழையவே முடியாது. ஆனால் ஒரு முகவரி அப்படியும் முடியலாம் என்று எத்தனை பேருக்குத் தெரிந்தது? டாட் காம் பழகிய கண்ணுக்கு அதுதான் போலி மாதிரி தெரிந்தது. பெரிய வங்கி அதைச் செய்யலாம், ஊரில் ஒற்றைக் கிளையோடு இருக்கும் கூட்டுறவு வங்கி என்ன செய்யும்?

இதனால்தான் ரிசர்வ் வங்கி செய்த விதம் சரி என்கிறேன். விருப்பம் என்று விடவில்லை, கட்டாயம் என்றார்கள், தேதி குறித்தார்கள், நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி வரை எல்லோரையும் சேர்த்தார்கள். பெயரை விற்று லாபம் பார்க்கும் கம்பெனியிடம் விடாமல் தன் நிறுவனத்திடமே கொடுத்தார்கள். எல்லா வங்கியின் முகவரியும் ஒரே மாதிரி முடிந்தால்தான் ‘அப்படி முடியாத எதுவும் வங்கி இல்லை’ என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

இதே வழியை மற்ற இடங்களிலும் பார்க்கலாம். வங்கியிலிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கு 1600ல் ஆரம்பிக்கும் எண் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 அக்டோபரிலிருந்து பங்குத் தரகர், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் யுபிஐ முகவரியில் ‘@வேலிட்’ என்ற பகுதி வர வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறது. பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டை விரல் உயர்த்திய படம் தெரியும். யார் அந்த அடையாளத்தை வாங்கலாம் என்று வாசலிலேயே சரிபார்த்துவிட்டு, நம்மிடம் ஒரே ஒரு குறியை மட்டும் பார்க்கச் சொல்கிற ஏற்பாடு. எல்லாம் ஒரே யோசனைதான்.

இனி வங்கிகளிடம் எனக்கு இருக்கும் குறை. முகவரியை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். என் கணக்கு இருக்கிற ஒரு வங்கி இன்னும் எஸ்எம்எஸ்ஸில் சுருக்கின லிங்கைத்தான் அனுப்புகிறது. நாலு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் புரியாத எழுத்துக் குவியல். அதை அழுத்தினால்தான் எங்கே போகிறது என்றே தெரியும். பேங்க்.இன் என்று முடிகிறதா பார் என்று அத்தைக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன், அவருடைய வங்கியே அப்படி முடியாத லிங்கை அனுப்பினால் சொன்ன பாடம் என்னாவது? லாட்டரி மாதிரி ‘ரிவார்ட் பாயிண்ட்’ விளம்பரம் ஒரு முகவரியில், கார்டு விண்ணப்பம் இன்னொரு முகவரியில், குறை தீர்க்கும் படிவம் மூன்றாவது கம்பெனியின் தளத்தில். இதெல்லாம் ஒரே முகவரிக்குக் கீழே வந்தே ஆக வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக அது கஷ்டமே இல்லை, தன் பெயருக்கு இடது பக்கம் எத்தனை பிரிவு வேண்டுமானாலும் வங்கி வைத்துக்கொள்ளலாம்.

பழைய முகவரிகள் பற்றியும் யோசிக்க வேண்டும். பல வருடம் நெட்பேங்கிங் நடந்த டாட் காம் முகவரி எத்தனை பேரின் புக்மார்க்கில், எத்தனை பாஸ்புக் அட்டையில், எத்தனை கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கிறது! இன்று அதில் போனால் புது முகவரிக்குத் தள்ளிவிடுகிறார்கள், சரி. ஐந்து வருடம் கழித்து எவரோ ஒரு அதிகாரி ‘இதற்கு ஏன் வருடா வருடம் காசு கட்டுகிறோம்’ என்று புதுப்பிக்காமல் விட்டால், கொஞ்ச நாளில் அது சந்தைக்கு வந்துவிடும். காலாவதியாகும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். வங்கி ஒரு தடவை பயன்படுத்திய பெயரைக் கைவிடவே கூடாது, அந்த வங்கி இன்னொன்றோடு இணைந்துவிட்டாலும்கூட.

முகவரி மாற்றத்தையே சாக்காக வைத்து ஏமாற்றுவதும் எளிது. ‘எங்கள் தளம் புது முகவரிக்கு மாறிவிட்டது, இங்கே ஒரு தடவை லாகின் செய்து உறுதிப்படுத்துங்கள்’ என்று ஒரு மெயில் வந்தால், மாற்றம் உண்மையிலேயே நடந்திருப்பதால் நம்பத் தோன்றும். இன்னொன்று, பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குப் புதுத் தளத்தில் அது தானாக வராது, ஏனென்றால் பாஸ்வேர்டு பழைய பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. போலித் தளத்தில் பாஸ்வேர்டு தானாக நிரம்பாது என்பது நமக்கு இருக்கிற மிக நல்ல பாதுகாப்புகளில் ஒன்று, மாற்றத்தின்போது அதுவே குழப்பமாகிவிடுகிறது. இதைக் கிளையில் உட்கார்ந்து யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை எஸ்எம்எஸ் லிங்க் வழியாகப் போகாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய், அங்கே பாஸ்வேர்டைப் புதிதாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

டொமைனால் எல்லாம் தீராது என்பதும் தெரியும். வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஃபைல்) அனுப்பி நிறுவ வைப்பவன், போலீஸ் என்று வீடியோ காலில் மிரட்டுபவன், திரையைப் பகிரச் சொல்பவன், இவர்களுக்கு வங்கித் தளமே தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும், முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

எனக்கு இன்னும் இரண்டு ஆசை உண்டு. பேங்க்.இன் என்பது ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே ஒரு நாட்டு டொமைன் நமக்கு இருக்கிறது, அதையும் நிக்ஸிதான் நடத்துகிறது. கும்பகோணத்திலும் கரூரிலும் தூத்துக்குடியிலும் தலைமையகம் வைத்திருக்கிற வங்கிகள் நம்மிடம் இருக்கின்றன, தமிழ் மட்டும் படிக்கிற வாடிக்கையாளர்கள் அவற்றுக்கு ஏராளம். அவர்களுக்காக ‘வங்கி.இந்தியா’ என்று ஒன்றை இதே வேலியோடு, இதே கண்டிப்போடு ஒதுக்கி வைக்கலாம்.

இரண்டாவது ஃபின்.இன். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கடன் செயலிகளிடம், அங்கேதான் அவசரத் தேவை. பத்தாயிரம் ரூபாய் கடனுக்காக காண்டாக்ட் லிஸ்ட் முழுக்க மிரட்டல் அனுப்புகிறவர்கள் எந்த உரிமமும் இல்லாமல் ஒரு டாட் காம் வைத்துக்கொண்டு உலவுகிறார்கள். வங்கிகளுக்குத் தேதி குறித்த மாதிரியே வங்கி அல்லாத ஒவ்வொரு நிதி நிறுவனத்துக்கும் ஃபின்.இன் கட்டாயம் என்று கெடு வைத்து, அந்த முகவரி இல்லாத கடன் செயலியை ஆப் ஸ்டோரில் ஏற்றவே கூடாது என்று சொல்ல வேண்டும்.